துருப்பிடிக்குது துப்பாக்கி! தூங்குது நிர்வாகம்!

(பயிர்ப் பாதுகாப்புக் கோரிக்கைகளை வலியுறுத்திச் சென்னை வள்ளுவர் கோட்டம் அருகில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நமது சங்கத்தின் மூத்த நிர்வாகி ஒருவர் ஆற்றிய உரை. ஊர் ஊராகப் படித்துக் காட்டுவதற்கு வசதியாகப் பேச்சு நடையிலேயே அச்சிட்டிருக்கிறோம்.)

அன்பார்ந்த உழவர் பெருமக்களே! தாய்மார்களே! வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டிருக்கிற தி.நகர், நுங்கம்பாக்கம் பொதுமக்களே! பந்தோபஸ்துக்கு வந்திருக்கிற காவல்துறை நண்பர்களே! 

எனக்கு முன்னாடி பேசினவங்க கட்டுபடியான விலை, பயிர்க் கடன், இன்சூரன்ஸ் பத்தியெல்லாம் விளக்கமாச் சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. நம்ம வீட்டுப் பரம்பரைத் துப்பாக்கி. பின்னாடி நாலு பேர் சிரிக்கிறது தெரியுது. "விவசாயி துப்பாக்கி கேட்டு ஆர்ப்பாட்டமா?"ன்னு நாளைக்குப் பேப்பர்லகூட எழுதலாம்.

அதனால முதல்லயே தெளிவாச் சொல்லிடுறேன். நாம புதுசாத் துப்பாக்கி கேட்டு வரல. யாரையும் சுடுறதுக்கு அனுமதி கேட்டும் வரல. தாத்தா காலத்துல அரசாங்கமே விசாரிச்சு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்த உரிமம் நம்மகிட்ட இருக்கு. அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும், துருப்பிடிக்காம வச்சுக்கவும், நமக்குப் பிறகு பிள்ளைங்க கையில ஒப்படைக்கவும் வழி செஞ்சு கொடுங்கன்னுதான் கேட்கிறோம். இந்தச் சின்னக் காரியத்துக்கு தாளவாடியில இருந்தும் தளியில இருந்தும் ராத்திரி பஸ் பிடிச்சு வர வேண்டியிருக்கு பாருங்க, அதுதான் வேதனை.

ஆயுதம் பறிக்கிற கதை பழசு

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச சங்கதி இல்ல. தென்னாட்டுப் பாளையக்காரர்கள் கிளர்ச்சி அடக்கப்பட்ட கையோட, 1801 டிசம்பர்ல மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டான். பாளையங்கள்ல யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு உத்தரவு. பிறகு 1878-ல லிட்டன் பிரபு காலத்துல ஆயுதச் சட்டம் வந்துச்சு. வெள்ளைக்காரனுக்கு விலக்கு, நம்ம ஆளுக்கு லைசென்ஸ். வெள்ளைக்காரத் துரை கிண்டிக் காட்டுல மானை விரட்டிச் சுடலாம், அது அவனுக்குப் பொழுதுபோக்கு. நம்ம விவசாயி சோளக்காட்டுல பன்றியை விரட்டணும்னா ஆபீஸ் வாசல்ல கைகட்டி நிக்கணும்.

இந்தப் பாகுபாட்டை எதிர்த்துத்தான் 1931 கராச்சி காங்கிரஸ்ல அடிப்படை உரிமைத் தீர்மானம் போட்டப்ப, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதுல சேர்த்தாங்க. சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் கழிச்சு 1959-ல புது ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. இன்னைக்கும் அதுதான் சட்டம்.

சட்டம் நம்ம பக்கம் என்ன சொல்லுது?

எல்லாரும் கவனமாக் கேளுங்க. ஊருக்குப் போனதும் இதை நாலு பேருக்குச் சொல்லணும்.

அந்தச் சட்டத்தோட 13-வது பிரிவைப் பாருங்க. பயிர்ப் பாதுகாப்புன்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய் வழியா மருந்து கெட்டிச்சுச் சுடுற துப்பாக்கிக்கு உரிமம் கேட்டா அதிகாரி வழங்கணும். அந்தத் துப்பாக்கி போதாதுன்னு அவருக்குத் திருப்தி ஏற்பட்டா, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்பக்கம் வழவழப்பான தோட்டாத் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். நம்ம வீட்டு ரெட்டைக்குழல் 12 போர் இந்த வகையிலதான் வரும்.

14-வது பிரிவு இன்னும் முக்கியம். "உனக்குப் போதுமான சொத்து இல்ல"ங்கிற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரனுக்கும் இது பொருந்தும். மறுத்தா, ஏன் மறுத்தோம்னு எழுத்துல காரணம் பதிவு செய்யணும். நாம கேட்டா, பொதுநலனுக்குக் கேடுன்னு கருதினா ஒழிய, அந்தக் காரணத்தை நமக்குத் தரணும். 18-வது பிரிவுல மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கு. வாய்மொழியா "போய்ட்டு வாங்க, பார்க்கலாம்"னு சொன்னா திரும்பி வந்துடாதீங்க. எழுத்துல கேளுங்க.

ரசீதுல "துப்பாக்கி ஒன்று"

சட்டம் இப்படி இருக்க, துப்பாக்கி எப்படி நம்ம கையை விட்டுப் போகுது? தேர்தல் வழியாத்தான் போகுது.

கணக்குப் பாருங்க. 2019-ல நாடாளுமன்றத் தேர்தல். அதே வருஷம் டிசம்பர்ல ஊரக உள்ளாட்சித் தேர்தல். 2021-ல சட்டமன்றம். 2022 பிப்ரவரியில நகர்ப்புற உள்ளாட்சி. 2024-ல மறுபடியும் நாடாளுமன்றம். ஒவ்வொரு தடவையும் தேர்தல் தேதி அறிவிச்ச உடனே "துப்பாக்கியைக் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படை"ன்னு ஆள் வந்துடுது. தேர்தல் அமைதியா நடக்கணும், அதுல நமக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா 2009-ல மும்பை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தேர்தல் ஆணையம் கொடுத்த வழிமுறை என்ன? மாவட்ட அளவுல ஒரு பரிசீலனைக் குழு இருக்கணும். ஜாமீன்ல வெளியில இருக்கிறவன், குற்றப் பின்னணி உள்ளவன், முன்னாடி கலவரத்துல சம்பந்தப்பட்டவன் யாருன்னு தனித்தனியாப் பார்த்து, தேவைப்படுகிறவங்ககிட்ட மட்டும் வாங்கணும். வாங்கினதுக்கு ரசீது கொடுக்கணும். முடிவு அறிவிச்சு ஒரு வாரம் ஆனதும் திருப்பிக் கொடுக்கணும். நடைமுறையில என்ன நடக்குது? நல்லவன் கெட்டவன் பார்க்கிறதே இல்ல. மொத்தமா ஒப்படைன்னு ஒரே உத்தரவு!

என் அனுபவத்தையே சொல்றேன். எங்கப்பா வச்சிருந்த ரெட்டைக்குழலை ஒரு தேர்தலுக்கு ஒப்படைச்சேன். எந்த ஸ்டேஷன்னு சொல்ல வேண்டாம், எல்லா இடத்துலயும் இதே கதைதான். ரசீதுல "துப்பாக்கி ஒன்று"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, என்ன நம்பர், குழல் எப்படி இருந்துச்சு, கட்டை எப்படி இருந்துச்சு, ஒரு வார்த்தை இல்ல. முடிவு வந்து எத்தனையோ நாள் கழிச்சு, பலமுறை நடந்து, திரும்ப வாங்கினேன். விறகு அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு வச்சிருந்தாங்க. குழலுக்குள்ள செம்மண் கரைச்சு ஊத்தின மாதிரித் துரு. கைப்பிடிக் கட்டையில விரல் நீளத்துக்கு வெடிப்பு. "அப்பவே இப்படித்தான் இருந்துச்சு"ன்னாங்க. இல்லன்னு நிரூபிக்க என்கிட்ட என்ன இருக்கு? "துப்பாக்கி ஒன்று"ங்கிற அந்த ரசீதுதான் இருக்கு.

அதனால தோழர்களே, ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி கம்பெனிப் பேர், நம்பர், குழலின் உள்பக்கம், கட்டை எல்லாத்தையும் செல்போன்ல படம் எடுத்து வையுங்க. ரசீதுல நம்பரையும், "நல்ல நிலையில் பெறப்பட்டது"ன்னும் எழுதச் சொல்லி வாங்குங்க. நல்லா எண்ணெய் போட்டுத் துணியில சுத்திக் கொடுங்க.

பழுது பார்க்க ஆள் எங்கே?

சரி, துருப்பிடிச்சுப் போச்சு, பழுது பார்க்கலாம்னா யார்கிட்ட போறது? ஊர்க் கொல்லன்கிட்ட கொடுக்க முடியாது. அவர் கைத்திறமையில குறை இருக்கிறதாச் சொல்லல. ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி துப்பாக்கி பழுது பார்க்கிறதுக்கே தனி உரிமம் வேணும். உரிமம் இல்லாத பட்டறையில கொடுத்தா அவருக்கும் வழக்கு, நமக்கும் வழக்கு. உரிமம் உள்ள ஆள் பல ஊர்ப்பக்கம் இல்ல. பெரிய நகரத்துக்கு எடுத்துட்டு வரலாம்னா, பல பேரோட உரிமம் சொந்த மாவட்டத்துக்கு மட்டும்தான் செல்லும். எல்லை தாண்டினா அதுவும் குற்றம். துப்பாக்கியை ரிப்பேர் செய்யக் கொண்டு போறதுக்கே தனியா அனுமதி வாங்கணும். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் "போகட்டும் சனியன்"னு விட்டுடுறாங்க.

நம்ம வீடுகள்ல இருக்கிறதுல பலது பர்மிங்காம்ல செஞ்ச பழைய துப்பாக்கி. வெப்லி ஸ்காட், கிரீனர்னு பேர் வெட்டியிருக்கும். மீதி நம்ம நாட்டு இச்சாப்பூர் தொழிற்சாலையில செஞ்சது. 1980-களின் நடுவுல வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, பழசுக்கு ஸ்பிரிங்கோ ஊசியோ சுலபமாக் கிடைக்கிறது இல்ல. கையால அரம் போட்டுச் செய்யத் தெரிஞ்ச கிழவர்கள் ஒவ்வொருத்தராப் போய்க்கிட்டிருக்காங்க. அந்தத் தொழிலுக்குப் புதுசாப் பையன்களைப் பழக்க அரசாங்கம் என்ன ஏற்பாடு செஞ்சிருக்கு?

நாமளே பார்த்துக்க வேண்டியது

அரசாங்கத்தைக் கேட்கிற அதே நேரத்துல நம்ம கடமையையும் பார்க்கணும். பழைய துப்பாக்கி ஒழுங்கா இல்லன்னா, பன்றிக்கு முன்னாடி அது நம்ம கையைத்தான் பதம் பார்க்கும். வீட்டுலயே செய்யக்கூடிய சோதனை சிலது சொல்றேன்.

முதல்ல, எப்ப எடுத்தாலும் மடக்கித் திறந்து, ரெண்டு குழலும் காலியா இருக்கான்னு கண்ணால பாருங்க. "நேத்துத்தானே பார்த்தேன்"ங்கிற பேச்சே கூடாது.

ரெண்டாவது, முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியா எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு உள்ள பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கணும். புள்ளி புள்ளியாக் குழி இருந்தா துரு அரிச்சிருக்கு. வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிஞ்சா அந்த இடம் வீங்கியிருக்கு. அந்தத் துப்பாக்கியில தோட்டாவே போடக் கூடாது.

மூணாவது, குழலின் அடியில இருக்கிற கொக்கியில ஒரு கயிறு கட்டித் தொங்க விட்டு, விரல் முட்டியால தட்டுங்க. கோயில் மணி மாதிரிக் கணீர்னு இழுத்துக் கேட்கணும். ஓட்டைப் பானை மாதிரிச் சத்தம் வந்தா, ரெண்டு குழலையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற பற்றவைப்பு விட்டிருக்கு.

நாலாவது, மறுபடி பூட்டி, முன்கட்டை இல்லாமலே கைப்பிடியைப் பிடிச்சு லேசா ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினா மூட்டு தேஞ்சிருக்கு. இந்த ரெண்டு பழுதையும் உரிமம் உள்ளவர்தான் சரி செய்யணும். உள்ளே இருக்கிற பூட்டை நாமளா ஸ்க்ரூடிரைவர் போட்டு நோண்ட வேண்டாம்.

அடுத்தது தோட்டா. குழலை எடுத்தா அடிப்பக்கம் தட்டையான இடத்துல சோதனைச்சாலை முத்திரை இருக்கும். இங்கிலாந்துல 1813-லயே பர்மிங்காம்ல சோதனைச்சாலை வச்சு, அதிக மருந்து போட்டு வெடிச்சுப் பார்த்துத் தாங்கினாத்தான் முத்திரை குத்துவாங்க. அந்த முத்திரையைப் படிக்கத் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க. பழைய துப்பாக்கி பலதுல தோட்டா உட்கார்ற அறை இரண்டரை அங்குலம்தான், அதாவது 65 மில்லிமீட்டர். இப்ப வர்ற தோட்டா பலதும் 70 மில்லிமீட்டர் அறைக்குச் செஞ்சது. உள்ளே போட்டா நல்லாத்தான் போகும். ஆனா வெடிக்கும்போது தோட்டா வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறிடும். இரும்பு மேல பாம்புச் சட்டை மாதிரி, மரத்து ரேகை மாதிரிக் கோலம் தெரிஞ்சா அது டமாஸ்கஸ் குழல். கரிமருந்து காலத்துல, இரும்புப் பட்டையை முறுக்கிச் சுத்திச் செஞ்சது. இப்போதைய புகையில்லாத மருந்துத் தோட்டாவை, பரிசோதிக்காம அதுல போடவே கூடாது. அதைச் சுத்தம் பண்ணித் தாத்தா ஞாபகமா வச்சுக்குங்க.

வீட்டுல 12 போரும் 20 போரும் இருந்தா தோட்டாவை ஒரே பையில போடாதீங்க. 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள்ள வழுக்கிப் போய் நடுவுல சிக்கிக்கும். வெளியே பார்த்தா காலி மாதிரித் தெரியும். பின்னாடியே 12 போர்த் தோட்டா போட்டு விசையை அழுத்தினா குழல் வெடிச்சு இடது கை போயிடும். உலகம் முழுக்க நடந்திருக்கிற விபத்து இது. அதனாலதான் 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிற வழக்கமே வந்துச்சு.

வச்சுக்கிற முறையைச் சொல்றேன். தோல் உறையில போட்டு மூடி வைக்காதீங்க. தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், ஆறு மாசத்துல உறை மாதிரியே துருப் பூத்துடும். பேப்பர்ல சுத்தறதும் தப்பு. பழைய பருத்தி வேட்டித் துணி போதும். தேங்காய் எண்ணெய் போடாதீங்க, நாளானாப் பிசுக்காகித் தூசியைப் பிடிச்சு உள்பூட்டை இறுக்கிடும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்கலன்னா தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசாப் போடுங்க. கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ரெண்டு சொட்டு, உள்ளங்கையால தேய்ச்சா மினுக்கும். கரிமருந்து சுட்டிருந்தா அன்னைக்கே கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, நல்லாக் காய வச்சு எண்ணெய் போடணும். அந்தக் கரியில உப்பு இருக்கு, எண்ணெய் மட்டும் போட்டா போகாது. வாய்ப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி நிறுத்தி வச்சா எண்ணெய் வடிஞ்சு கட்டைக்குள்ள ஊறாது.

குழலை நீளம் குறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னா கேட்காதீங்க. குழலை வெட்டுறது 6-வது பிரிவுப்படி உரிமம் வேண்டிய காரியம். 20 அங்குலத்துக்குக் கீழே போனா பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிங்கிற தகுதியே போயிடும். கல்யாணம், திருவிழான்னு வானத்தைப் பார்த்துச் சுடுறதும் கூடாது. 2019 திருத்தச் சட்டப்படி அதுக்கு ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும்.

இன்னொண்ணு, தாய்மார்கள் கேட்டுக்குங்க. துப்பாக்கி ஒரு பூட்டு, தோட்டா வேற பூட்டு. சாவி குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாது. வீட்டுல யாருக்காவது கடன் நெருக்கடி, மனசு சரியில்லன்னா, கொஞ்ச நாளைக்கு அந்தத் துப்பாக்கியே வீட்டுல வேண்டாம். ஸ்டேஷன்லயோ உரிமம் உள்ள கடையிலயோ வச்சுடுங்க. நாம காப்பாத்த வேண்டியது பயிரை மட்டும் இல்ல.

மயிலாப்பூர், அடையாறு சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை

இந்த மாநகரத்து மக்கள்கிட்டயும் எனக்குப் பேச்சு இருக்கு. மயிலாப்பூர்லயும் தி.நகர்லயும் அடையாறுலயும் இருக்கிற பல குடும்பங்களுக்கு வேர் எங்கே? தஞ்சாவூர்லயும் நெல்லையிலயும் கோயம்புத்தூர்லயும்தான். தாத்தா நிலம் பார்த்தார், அப்பா வேலைக்குச் சென்னை வந்தார், பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார். தாத்தாவோட துப்பாக்கி மட்டும் பீரோ மேலயோ, ஏதோ ஒரு கடையில பாதுகாப்புக்கோ கிடக்கு.

உரிமம் வச்சிருந்தவர் காலமானா அந்த உரிமமும் முடிஞ்சது. "அப்பா ஞாபகம்"னு வீட்டுல வச்சிருந்தா அது உரிமம் இல்லாத ஆயுதம். 21-வது பிரிவு சொல்றபடி, உரிமம் முடிஞ்சு போன ஆயுதத்தைத் தாமதிக்காம பக்கத்துக் காவல் நிலையத்திலயோ உரிமம் உள்ள வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கணும். ஒப்படைச்ச பிறகும் தூங்கக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குள்ள வாரிசு உரிமம் வாங்கித் திரும்ப எடுக்கணும், இல்லன்னா முறைப்படி விற்கணும். ரெண்டும் செய்யலன்னா அரசாங்கமே பறிமுதல் செஞ்சுக்கும். அதுக்கு முன்னாடி முப்பது நாள் கெடு வச்சு நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸ் பழைய கிராமத்து விலாசத்துக்குப் போய்க் கதவிடுக்குல கிடக்கும், நீங்க அடையாறுல இருப்பீங்க!

2016 ஆயுத விதிகள்ல வாரிசுக்கு நல்ல வழி இருக்கு. உரிமதாரர் இறந்த பிறகு மட்டும் இல்ல, உயிரோட இருக்கும்போதே மாத்தலாம். அவருக்கு 70 வயசு ஆகியிருக்கணும், அல்லது துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்திருக்கணும். எது முதல்ல வருதோ அப்பவே மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை பேருக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணமான மகளுக்கும் உண்டு. மற்ற வாரிசுங்க சம்மதக் கடிதம், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் கேட்பாங்க. சென்னை மாநகரத்துல உரிமம் வழங்குறது போலீஸ் கமிஷனர், மாவட்டங்கள்ல கலெக்டர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தா வந்தாலும் அந்தக் கணக்குக்குள்ளதான். உரிமக் காலம் மூணு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷமாச்சு. தேசிய ஆயுதப் பதிவேட்டின் தனி எண் உரிமத்துல இருக்கான்னு பாருங்க. புதுப்பிக்கிறதை ரெண்டு மாசம் முன்னாடியே கொடுத்துடுங்க.

கடற்கரை ஓரத்துல இருக்கிற உங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். அடையாறு, மயிலாப்பூர் உப்புக்காத்து ஜன்னல் கம்பியையே அரிக்குது. ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு மாசம் எண்ணெய் போடாம விட்டா குழல் கதி என்ன? மாசம் ஒரு தடவை எடுத்துத் துடைங்க.

வேட்டைக்கு இல்ல, விரட்டத்தான்

"காட்டு உயிரைக் கொல்லத்தானே கேட்கிறீங்க?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. இந்த மயிலாப்பூர்ல, இன்னைக்கு ராதாகிருஷ்ணன் சாலைன்னு சொல்ற எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டுலதான் மா. கிருஷ்ணன் இருந்தார். காட்டு உயிர்களைப் பத்தி வாழ்நாள் முழுக்க எழுதினவர். அவர் மாதிரி ஆட்கள் குரல் கொடுத்த காலத்துலதான் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டுச்சு. ஒரு காலத்துல துரைமார் வேட்டையாடின கிண்டி, 1978-ல தேசியப் பூங்கா ஆச்சு. நாம அதை எதிர்க்கல. மயிலும் யானையும் நம்ம சாமிகளோட வாகனம்.

பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருக்குங்கிறதுக்காகப் பன்றியைச் சுட்டுட முடியாது. அதுக்கு 11-வது பிரிவுப்படி வனத்துறை அனுமதி வேணும். துப்பாக்கிச் சத்தத்துக்கே மந்தை ஓடும், அதுதான் நம்ம தேவை. தமிழக அரசு 2025 ஜனவரியில அறிவிச்சபடி, காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணு கிலோமீட்டர் தாண்டினா வனத்துறைதான் சுடணும். பன்றிக்குக் கிலோமீட்டர்க் கல் படிக்கத் தெரியுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு நாம போன் போட்டு, அவங்க ஆள் திரட்டி வர்றதுக்குள்ள நிலக்கடலைக் காடு உழவு ஓட்டின மாதிரி ஆயிடும்.

கேரளாவைப் பாருங்க. 2022 மே மாசத்துல பஞ்சாயத்துத் தலைவருக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியல் போட்டுப் பயன்படுத்துறாங்க. குடகுல பாருங்க, கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே உரிமத்துல விலக்கு. 2019-ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சுக் கொடுத்துச்சு. கைல்பொளுது பண்டிகையில துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்பிடுறாங்க. நம்ம வீட்டுல ஆயுத பூஜைக்குக் கும்பிடத் துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கு!

சட்டப்படியான வழியை அடைச்சா என்ன நடக்கும்? சில பேர் கள்ளத்தனமா மின்வேலி போடுறான், அவுட்டுக்காய் வைக்கிறான். 2023 மார்ச்ல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் சட்டவிரோத மின்வேலியில மூணு யானை ஒரே ராத்திரியில செத்துச்சு. ரெண்டு குட்டி தாயைச் சுத்திச் சுத்தி வந்ததை டி.வி.யில பார்த்து நாமளும்தான் கண் கலங்கினோம். வேலி போட்டவர் ஜெயிலுக்குப் போனார். அந்த வழிக்கு நம்ம ஆள் ஒருத்தர்கூடப் போகக் கூடாது. அதுக்காகத்தான் சொல்றோம், நம்பர் போட்டு, கணக்கு வச்சு, அரசாங்கத்துக்குத் தெரிஞ்சு இருக்கிற துப்பாக்கியை ஒழுங்கா இருக்க விடுங்க.

நமது கோரிக்கைகள்

1. தேர்தல் நேரத்தில் எல்லா உரிமதாரர்களிடமும் மொத்தமாகத் துப்பாக்கி வாங்குவதைக் கைவிடுக! பரிசீலனைக் குழு மூலம் தனித்தனியாக முடிவெடுத்திடுக!

2. ஒப்படைக்கும் துப்பாக்கிக்கு எண், நிலைமை குறித்த முழு ரசீது வழங்கிடுக! முடிவு அறிவித்த ஒரு வாரத்தில் திருப்பித் தருக!

3. காவல் நிலையப் பாதுகாப்பில் இருக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு வழங்கிடுக!

4. ஜமாபந்தி போல ஆண்டுக்கு ஒருமுறை கலெக்டர் அலுவலகத்தில் ஆயுதப்படை ஆர்மரர்களைக் கொண்டு துப்பாக்கிப் பரிசோதனை, பராமரிப்பு முகாம் நடத்திடுக!

5. ஒவ்வொரு மாவட்டத்திலும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் இருக்க ஏற்பாடு செய்திடுக! பழுதுபார்க்கக் கொண்டு செல்லும் அனுமதியை எளிமையாக்கிடுக!

6. வாரிசு உரிம மனுக்களைக் காலவரம்பு நிர்ணயித்து முடித்திடுக! மறுத்தால் எழுத்துப்பூர்வமாகக் காரணம் தருக!

7. காட்டுப்பன்றிப் பிரச்சினையில் உரிமம் உள்ள விவசாயிகளையும் சேர்த்து, வனத்துறை மேற்பார்வையில் ஊர்க் குழு அமைத்திடுக! பயிர்ச் சேதத்துக்கு உரிய இழப்பீடு உடனே வழங்கிடுக!

தோழர்களே, மண்வெட்டி மழுங்கினாத் தீட்டுறோம். ஏர் ஓட்டை ஆனா ஆசாரிகிட்ட கொண்டு போறோம். இந்தத் துப்பாக்கியும் நம்ம காட்டுக்கான ஒரு கருவிதான். ஊருக்குப் போனதும் நாளைக்கே பரண்ல இருக்கிற உரிமப் புத்தகத்தை எடுங்க. தேதியைப் பாருங்க, நம்பரைப் பாருங்க. அடுத்த மாதக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு உரிம நகலோட, துப்பாக்கிப் படத்தோட எல்லாரும் வாங்க. சங்கம் மனு எழுதித் தரும், கூட வந்து நிக்கும்.

உழவர் ஒற்றுமை ஓங்குக! கோரிக்கைகள் வெல்க!